முழங்காலுக்கு மேல் தண்ணீர்

786

மூதூர்
05.02.1967

மரியாதைக்குரிய ராத்தா உம்மு குல்சும் அவர்களுக்கு, தம்பி அபூதாஹிரின் அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்க நானும் நஜ்முன் நிஸாவும் பிள்ளைகளும் அல்லாஹ்ட கிருபையால சுகம். பதுளைக் குளிருக்கு உங்கட முழங்கால் எப்படி? மச்சான்ட புடவைக்கடை நல்லா ஓடுதா?

உங்கட வளவை வெள்ளிக்கிழமைகளில போய்த் திறந்து கூட்டிப்போட்டு வாறன். கிணத்தடிக் கொய்யா காச்சுக் கொட்டுது, வெளவாலுக்குத்தான் யோகம். சீதனமாக் கிடைச்ச வீட்டைப் பூட்டிப்போட்டுப் புரிசனுக்குப் பின்னால மலையேறின ஒரே பொம்பிளை நீங்கதான் எண்டு இங்க இன்னும் கதைக்கிறாங்க. உம்மாட நாப்பதாம் கத்தம் முடிஞ்ச கையோட போனவ, பதினைஞ்சு வருஷமாச்சு, ஒருக்காலும் திரும்பி வரல்ல. நான் என்னத்தைச் சொல்ல?

இனி விஷயத்துக்கு வாறன். எங்கட லோஞ்சியை ஓட்டுற தண்டையல் ஸெய்னுதீன் காக்காவுக்குக் கண்ணில வெள்ளை விழுந்திட்டுது. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதீங்க, ஒரு வருஷமா சுக்கானைப் பிடிக்கிறது நான்தான். மூதூர் ஜெட்டி மறைஞ்சதும் அவர் எழும்பி எனக்கு இடம் விடுவார். திருகோணமலை கிட்ட வந்தா அவர் திரும்பக் குந்துவார், நான் முன்னுக்குப் போய்க் கயிறு எறிவன். இருபத்திரண்டு வருஷம் கயிறு எறிஞ்ச எனக்குச் சுக்கான் கையில வந்தப் பிறகு வேற ஒண்டிலயும் மனசு போகுதில்ல ராத்தா.

இப்ப துறைமுகக் கந்தோரால கட்டளை வந்திருக்கு. ஆக்களை ஏத்துற லோஞ்சிக்குத் தண்டையலா இருக்கிறவன் சோதினை எழுதிப் பத்திரம் எடுக்கவேணுமாம். ஒக்டோபரில சோதினை. "நீ எடு அபூதாஹிர், இல்லாட்டி நான் கிண்ணியாவில இருந்து ஆளைக் கொண்டு வரவேண்டி வரும்" எண்டு முதலாளி கலீலுர் றஹ்மான் ஹாஜியார் சொல்லிப்போட்டார். விளக்கு, கொடி, கல்லு கிடக்கிற இடம், முடிச்சு எல்லாம் எனக்குத் தண்ணிபட்ட பாடு. கடைசியில ஒண்டு கிடக்கு. ரெண்டு கையையும் விரிச்ச அளவில முப்பது பாகம் தூரம் நீந்திக் காட்டவேணும்.

இருபத்திரண்டு வருஷம் கடல்ல போய் வந்தவனுக்கு நீந்தத் தெரியாது எண்டு உலகத்தில உங்கள் ஒருத்தருக்குத்தான் தெரியும். நம்மட சின்னத் தம்பி முனாப் கங்கை ஆத்தில மூழ்கி மௌத்தான நாப்பதாம் நாள் உம்மா குர்ஆன் முஸ்ஹபை என்ட தலையில வச்சு, முழங்காலுக்கு மேல தண்ணியில இறங்கமாட்டன் எண்டு சத்தியம் வாங்கினாவே. அண்டைக்கு எனக்கு ஒன்பது வயசு. இண்டைக்கு நாப்பத்தொண்டு. குளிக்கிறது கிணத்தில, போறது லோஞ்சியில, முழங்கால் இன்னும் நனையல்ல.

உம்மா இல்ல. இப்ப நீங்கதான் எனக்கு உம்மாட இடத்தில. "இறங்கு தம்பி" எண்டு ஒரு வரி எழுதிப் போடுங்க. நான் தொடங்கிறன்.

வஸ்ஸலாம்.
தம்பி அபூதாஹிர்


பதுளை
26.02.1967

அன்புத் தம்பி அபூதாஹிருக்கு, ராத்தாட ஸலாமும் துஆவும்.

உன்ட கடிதம் வந்து பத்து நாளாச்சு. பதில் எழுதக் கை வரல்ல. இங்க விடியப்புறம் தண்ணியைத் தொட்டா விரல் மரத்துப்போகும். முழங்கால் நோவு மாறல்ல. மச்சான் கடையும் தானுமாத் திரியிறார். மூத்தவளுக்குச் சம்பந்தம் பேசி வந்திருக்கிறாங்க, மாப்பிள்ளை பண்டாரவளையில கடை வச்சிருக்கிறாராம். துஆச் செய்.

குளிர் கூடின நாளில எனக்கு நம்மட வீட்டு மத்தியானம் ஞாபகம் வரும். வெயில் கண்ணைக் குத்தும். உம்மா பின் விறாந்தையில பாயை விரிச்சுக் காய்ஞ்ச மிளகாயைப் பரப்பிப்போட்டுத் தானும் பக்கத்தில சரிவா. கோழி வந்தா கண் திறக்காமலே "சூ" எண்டுவா. நித்திரையிலயும் அந்தச் சூ வரும். இங்க என்ட பிள்ளைகளுக்குச் சொன்னா சிரிக்குதுகள்.

உனக்கு ரெண்டு சாரமும் நஜ்முன் நிஸாவுக்கு ஒரு சீலையும் பார்சல் போட்டிருக்கிறன். கொய்யாவை அயல் பிள்ளைகளுக்குப் பறிச்சுக் குடு.

நீ எழுதின மற்றக் கதையை விடு. கயிறு எறியிறதில என்ன குறை? இருபத்திரண்டு வருஷம் அதில தானே சாப்பிட்டாய். உன்ட கடிதத்தில ஒரு பேர் இருந்திச்சு. அந்தப் பேரை இந்த வீட்டில ஆரும் சொல்றதில்ல, மச்சானுக்கே முழுக்கத் தெரியாது. இனிமேல் எழுதாத.

உன்ட சுகத்தையே கேக்கிற
ராத்தா


மூதூர்
18.03.1967

ராத்தாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். இங்க எல்லாரும் நலம். மூத்தவளுக்கு நல்ல இடம் அமைய ரெண்டு ரக்அத் தொழுது துஆக் கேட்டனான். சாரம் கிடைச்சுது. பெருநாளைக்குக் கட்டுவன்.

நல்ல ஆள் நீங்க! நான் கேட்டது ஒரு வரி. நீங்க தந்ததும் ஒரு வரிதான், "விடு" எண்டு.

உங்களிட்டக் கேட்டுப் பலனில்ல எண்டு பள்ளி லெப்பையிட்டப் போனன். எல்லாத்தையும் சொன்னன். அவர் தாடியைத் தடவிப்போட்டு, "அப்ப உனக்கு என்ன வயசு?" எண்டு கேட்டார். ஒன்பது எண்டன். மனிசன் சிரிச்சிட்டார் ராத்தா. "வயசுக்கு வராத பிள்ளைட சத்தியம் சத்தியமே இல்ல. உன்னை ஒண்டும் கட்டல்ல. உம்மாட மனசை நினைச்சுக் கவலையா இருந்தா மூண்டு நோன்பு பிடிச்சு அவவுக்காக துஆச் செய்" எண்டார்.

வீட்ட வாற வழியெல்லாம் விரல் மடிச்சுக் கணக்குப் பாத்தன். முப்பத்திரண்டு வருஷம் நான் கட்டுண்டு கிடந்தது ஒண்டுமே இல்லாத ஒண்டிலயா? பெருநாள் முடியட்டும், நோன்பைப் பிடிச்சிட்டுத் தொடங்கிறன்.

ஒண்டு கேக்கவேணும். அந்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கா? அண்டைக்கு நீங்களும் கங்கைக்கரைக்கு வந்ததை நான் செத்தாலும் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். பொடியன்கள் ரெண்டு பேரும் தனியப் போனம் எண்டு உம்மாவுக்குச் சொன்ன பொய் இன்னும் என்ட வயித்துக்குள்ளதான் கிடக்கு. வயசுக்கு வந்து மூண்டு மாசமா வீட்டுக்குள்ள பூட்டி வச்ச குமர் வெளியில வந்தது தெரிஞ்சா வாப்பா உங்களை உயிரோட விட்டிருக்கமாட்டார். அதுக்குப் பயப்படாதீங்க. எனக்குத் தெரியவேண்டியது வேற. நான் அங்க எவ்வளவு நேரம் அப்படியே நிண்டனான்? எனக்குச் சரியாத் தெரியல்ல.

தம்பி அபூதாஹிர்


பதுளை
09.04.1967

தம்பிக்கு ஸலாம். பெருநாள் நல்லாப் போச்சா? இங்க குர்பான் இறைச்சி வந்து குவிஞ்சுது. ஆனா நம்மட ஊர்ப் பெருநாள் வராது. சம்பந்தம் சரிவந்திட்டுது, அல்ஹம்துலில்லாஹ்.

ஒரு பெருநாளைக்கு வாப்பா திருகோணமலையில இருந்து ஒரே சீத்தைத் துணியில ரெண்டு சட்டை தைப்பிச்சுக் கொண்டு வந்தார், ஞாபகம் இருக்கா? நீலச் சட்டை, வெள்ளைப் பொத்தான். உன்ட சட்டையில மேல் பொத்தான் மட்டும் கறுப்பு. தையல்காரனிட்ட முடிஞ்சு போச்சாம். நீ நிலத்தில உருண்டு பிரண்டு அழுதாய். பிறகு வட்டிலப்பத்தில பெரிய துண்டு தந்தப் பிறகுதான் போட்டாய். நினைச்சா இப்பவும் சிரிப்பு.

லெப்பை நேத்து மீசை முளைச்சவர். உம்மாட மனசு அவருக்கு எங்க தெரியப்போகுது? சொல்றதைக் கேள். நீ கேட்ட அந்த நாள் எனக்கு ஒண்டும் ஞாபகமில்ல. எனக்கும் வயசு போகுது தானே.

ராத்தா


மூதூர்
07.05.1967

ராத்தாவுக்கு ஸலாம். நாங்க சுகம், உங்கட சுகத்துக்கும் துஆ.

பொத்தான்ட நிறம் ஞாபகமிருக்கு, அந்த நாள் ஞாபகமில்லையா? சரி, போகட்டும்.

மூண்டு நோன்பும் பிடிச்சு முடிச்சன். மூண்டாம் நாள் நோன்பு திறக்கக்குள்ள நஜ்முன் நிஸா கஞ்சிக் கோப்பையை வச்சுப்போட்டு, "இனி எந்தக் குளத்துக்குப் போகப்போறீங்க?" எண்டு கேட்டாள். எனக்குக் கஞ்சி புரைக்கேறிச்சுது. அவளுக்கு எல்லாம் தெரியுமாம். கலியாணம் முடிச்சு மூண்டாம் மாசமே தெரியுமாம். "தோணி சரிஞ்சா என்ட கையைப் பிடிக்கிற ஆம்பிளைக்கு நீந்தத் தெரியுமா?" எண்டாள். பதினெட்டு வருஷம் மூச்சு விடாம இருந்திருக்கிறாள் பாருங்க.

அவள் கிண்ணியாவில பிறந்தவள். சின்ன வயசில துறையைக் குறுக்க நீந்தி மாமி வீட்ட போய்ச் சோறு திண்டுபோட்டு வந்தவளாம். "நான் பழக்கிறன், வாங்க" எண்டு தோப்பூரில அவள்ட காக்காட வயலுக்குப் பக்கத்தில இருக்கிற குளத்துக்குக் கூட்டிப் போனாள். ஆள் நடமாட்டம் இல்லாத இடம். சீலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். நானும் இறங்கினன்.

முழங்கால் நனைஞ்சுது. துடை நனைஞ்சுது. இடுப்பு வரை போனன். அதுக்கு மேல கால் எழும்பல்ல ராத்தா. அவள் கூப்பிடுறாள், நான் நிக்கிறன். தண்ணி அசையாம கிடக்கு. ஒரு மணித்தியாலம் அப்படியே நிண்டு, கை விரல் எல்லாம் சுருங்கி, கரையேறி வந்தன்.

சத்தியம்தான் என்னைக் கட்டினது எண்டு இவ்வளவு நாளும் நினைச்சன். சத்தியம் போச்சு. பயம் போகல்ல.

அபூதாஹிர்


மூதூர்
04.06.1967

ராத்தாவுக்கு, ஸலாம். பதில் இல்ல. சுகமில்லையோ எண்டு யோசனையாக் கிடக்கு. கலியாண வேலையா இருக்கும் எண்டு மனசைத் தேத்திறன்.

அஞ்சு தரம் குளத்துக்குப் போனன். ஒரு நாள் தலையிடி எண்டு திரும்பினன். ஒரு நாள் தாமரைக் கொடி காலில சுத்தும் எண்டன். ஒரு நாள் வெள்ளிக்கிழமை எண்டன். "நேத்து வியாழன் எண்டு சொன்னீங்க, இண்டைக்கு வெள்ளியா?" எண்டு பொஞ்சாதி சிரிச்சாள். கடைசி நாள் அவளும் சிரிக்கல்ல. கரையில குந்திக்கொண்டு சீலையைப் பிழிஞ்சாள். அது எனக்குச் செருப்பால அடிச்சதை விடக் கூட நொந்துது.

உங்களுக்கு உண்மையைச் சொல்றன். முனாப் சறுக்கி விழக்குள்ள "காக்கா" எண்டு ரெண்டு தரம் என்னைக் கூப்பிட்டான். எனக்குக் கேட்டுது. நான் நிண்டனான். கத்தவும் ஏலாம ஊமையா நிண்டனான். நீங்க ஓடிப்போன பிறகுதான் குரல் வந்திச்சு. பிறகு பத்து நாள் காய்ச்சல். கண் திறந்தா உம்மா தலைமாட்டில இருந்து, "பாத்துக்கொண்டு நிண்டியேடா" எண்டு அழுவா. சத்தியம் வாங்காட்டியும் நான் இறங்கியிருக்கமாட்டன். அண்டைக்கு நிண்டவன்தான் இண்டைக்கும் நிக்கிறான். அவனுக்குத் தண்டையல் வேலை எதுக்கு? ஆராவது தண்ணியில விழுந்தா அவன் பாத்துக்கொண்டுதானே நிப்பான்?

மாசக் கடைசிக்குள்ள கந்தோருக்குப் பேர் குடுக்கவேணும். குடுக்கப் போறதில்ல. ஹாஜியாரிட்டச் சொல்லிப்போடுவன். இதை எழுதக் கண்ணால தண்ணி வருது. பரவாயில்ல, நீங்கதானே.

அபூதாஹிர்


பதுளை
14.06.1967

அபூ,

பேரைக் குடு. ஹாஜியாரிட்ட ஒண்டும் சொல்லாத. முதல்ல இதை முழுக்க வாசி.

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. மூண்டு மாசம் சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தன். தண்ணியை ஒருக்காப் பாக்கவேணும் போல இருந்திச்சு, வேற ஒண்டும் இல்ல. அது வெள்ளிக்கிழமை. ஆம்பிளைகள் ஜும்ஆவுக்குப் போயிட்டாங்க, உம்மா விறாந்தையில நித்திரை. உம்மாட முக்காட்டைச் சுத்திக்கொண்டு நான்தான் உங்கள் ரெண்டு பேரையும் கூட்டிப் போனன். நீங்க கேக்கல்ல. நான்தான் கூட்டிப் போனன்.

முனாப் தென்னம் பாளையை ஓட விட்டுக்கொண்டு கரையால போனான். மணல் சரிஞ்சுது. விழுந்தான்.

நீ நிக்கல்ல அபூ. நீ ஓடினாய். நான் ஓடிவந்து பின்னால கட்டிப் பிடிச்சு உன்னை நிலத்தில விழுத்தினன். நீயும் போயிடுவாய் எண்டு பயந்து பிடிச்சன். அது உண்மை. ஆனா அது பாதிதான். கங்கையைக் கடக்கிற பாதைத் தோணிக்காரர் ரெண்டு பேர் மரத்தடியில படுத்துக் கிடந்தாங்க. ஒரு கூப்பிடு தூரம். நீ கத்த வாயைத் திறந்தாய். அவங்க வந்தா என்னைக் காணுவாங்க, வாப்பாவுக்குத் தெரிஞ்சிடும் எண்ட ஒரு நினைப்புத்தான் எனக்கு வந்திச்சு. உன்ட வாயைப் பொத்தினன். ரெண்டு கையாலயும் பொத்தினன். நீ கடிச்சாய். என்ட வலது கையில பெருவிரலுக்குக் கீழ இண்டைக்கும் பல்லுத் தழும்பு இருக்கு. கத்தி வெட்டினது எண்டு மச்சானுக்குச் சொல்லி வச்சிருக்கிறன்.

நான் கையை எடுக்கக்குள்ள தண்ணி வெறுமனே ஓடிச்சுது. அப்பவும் நான் என்ன சொன்னன் தெரியுமா? "நான் வேலிக்குள்ள போன பிறகு கத்து" எண்டு சொல்லிப்போட்டு ஓடினன். நீ அப்படியே செய்தாய். பத்து நாள் காய்ச்சலில கிடந்து எழும்பின நேரம் நீ ஓடினதும் கடிச்சதும் உனக்கு மறந்திட்டுது, அந்த இடத்தில உம்மா அழுதழுது சொன்ன கதைதான் நிண்டுது. எனக்கு அது வசதியாப் போச்சு.

உனக்குக் குரல் வராம இருக்கல்ல. நான் விடல்ல.

உம்மா இருக்கும் வரைக்கும் சொல்லுவம் சொல்லுவம் எண்டு இருந்தன். அவ மௌத்தான பிறகு அந்த ஊரில நிக்க ஏலாமப் போச்சு. அதுதான் வீட்டைப் பூட்டினன். மச்சான்ட கடை எண்டது சாட்டு.

மன்னிப்புக் கேட்டு எழுதல்ல. நீ நிண்டவன் இல்ல எண்டு உனக்குத் தெரியவேணும். அதுக்காக எழுதினன்.

உம்மு குல்சும்


மூதூர்
09.07.1967

மதினிக்கு நஜ்முன் நிஸாவின் அஸ்ஸலாமு அலைக்கும். மூத்தவள்ட கலியாணம் நல்லபடியா நடக்க துஆச் செய்யிறன். என்ட எழுத்துக் கோணல், பாத்து வாசியுங்க.

அவர் எழுதமாட்டாராம். நான் எழுதிறது அவருக்குத் தெரியாது.

உங்கட கடிதம் வந்த அண்டைக்கு நாங்க குளத்துக்கு வெளிக்கிட்டு நிண்ட நேரம். தபால்காரர் தந்ததை மடியில செருகிக்கொண்டு வந்து குளக்கட்டில குந்தி வாசிச்சார். ரெண்டு தரம் வாசிச்சார். பிறகு என்னட்டத் தந்து "வாசி" எண்டார். நான் வாசிச்சு முடிச்சு நிமிந்து பாக்கிறன், ஆள் இல்ல! சட்டையோட விறுவிறெண்டு குளத்துக்குள்ள இறங்கிப் போறார். இடுப்பு, நெஞ்சு, கழுத்து, தலையும் மறைஞ்சிட்டுது. பாய்ஞ்சு போய்த் தலைமயிரில பிடிச்சு இழுத்தெடுத்தன். குடிச்ச தண்ணியைக் கக்கிப்போட்டு, என்னைப் பாத்து, "எப்படிக் காலை அடிக்கிற? காட்டு" எண்டார். அப்படி ஒரு கோபம் அந்த முகத்தில நான் கண்டதில்ல. ஆர் மேல எண்டு நான் கேக்கல்ல.

அண்டையில இருந்து ஒரு நாள் தவறல்ல. வயித்துக்குக் கீழ கையைக் குடுத்துத் தூக்கினா அரிசி மூட்டை மாதிரிக் கனக்கிறார். காலை அடிச்சா சேறு எல்லாம் என்ட முகத்துக்குத்தான். நேத்து நாலு பாகம் தனியப் போனார். போயிட்டு, "நீ கையை எடுத்திட்டியா?" எண்டு என்னையே ஏசினார்.

கந்தோருக்குப் பேர் குடுத்தாச்சு. ஆனா உங்கட வளவுப் பூட்டுத் திறப்பை என்னட்டத் தந்து, "இனி நீ போய்க் கூட்டு" எண்டிட்டார். உங்களுக்கு நோகும் எண்டு தெரியும் மதினி. மறைச்சா அதுவும் பிழை எண்டு எழுதினன்.

நஜ்முன் நிஸா


பதுளை
02.08.1967

தம்பி அபூதாஹிருக்கு ஸலாம்.

நீ எழுதாட்டியும் நான் எழுதுவன். குளம் வத்துற காலம், கவனம். சேத்தில கால் புதையும். காதுக்குள்ள தண்ணி போனா நல்லெண்ணெய் ரெண்டு சொட்டு விடு.

மச்சானுக்குச் சொல்லிப்போட்டன். கையைக் காட்டிச் சொன்னன். அவர் அந்தக் கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்திட்டுக் கடை திறக்கப் போனார். கலியாணம் முடிஞ்சுது. வீடு வெறிச்சோடிக் கிடக்கு.

உனக்குச் சுகமா எண்டு மட்டும் ஒரு வரி போடு.

ராத்தா


மூதூர்
10.09.1967

ராத்தா,

சுகம்.

ஒரு வரிதான் கேட்டீங்க. ஆனா நிறுத்த ஏலாம இருக்கு.

முப்பத்திரண்டு வருஷம்! உம்மாட கடைசி நேரம் நான் வாயில தண்ணி வார்த்தன். அப்பவும் அவ என்னைப் பாத்த பார்வை எனக்குத் தெரியும். நீங்க பக்கத்தில நிண்டீங்க. அண்டைக்காவது காதுக்குள்ள சொல்லியிருக்கலாம் தானே? என்ட பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகாத தகப்பன் நான். மூத்தவன் ஏன் எண்டு கேட்டுக் கேட்டு இப்ப கேக்கிறதையும் விட்டிட்டான். இதையெல்லாம் ஆர் திருப்பித் தாற? உங்கட கடிதத்தைக் கிழிக்கத் தூக்கினன், ரெண்டு தரம் தூக்கினன். கிழிக்கல்ல. நான் ஓடினனான் எண்டு எழுதின ஒரே கடுதாசி அது.

பிறகு ஒரு நாள் லோஞ்சியில ஒரு பிள்ளையைக் கண்டன். உம்மாட சீலையைப் பிடிச்சுக்கொண்டு, முக்காடு வழுக்க வழுக்க இழுத்து விட்டுக்கொண்டு, கடலையே பாத்துக்கொண்டு இருந்திச்சு. என்ன வயசு எண்டு தாயிட்டக் கேட்டன். பதினாலு எண்டா. அண்டைக்கு உங்கட வயசு. இவ்வளவு சின்ன வயசா எண்டு நினைச்சன். இறங்கக்குள்ள அந்தப் பிள்ளைக்குக் கை குடுத்து இறக்கி விட்டன்.

கோபம் இருக்குது. இல்ல எண்டு பொய் சொல்லமாட்டன். வளவுத் திறப்பைப் பொஞ்சாதியிட்டத் திருப்பி வாங்கிட்டன், அவளுக்குக் கூட்டத் தெரியாது.

குளம் வத்திட்டுது. இப்ப சுபஹு தொழுதுபோட்டுக் கடல்ல. உப்புத் தண்ணி ஆளைத் தூக்குது. இருபது பாகம் போறன். ஒக்டோபர் பன்னிரண்டு சோதினை.

அபூதாஹிர்


மூதூர்
13.10.1967

அன்புள்ள ராத்தாவுக்கு, தம்பியின் அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்க எல்லாரும் மெத்த நலம். உங்கட முழங்கால் எப்படி? புதுப்பெண் பண்டாரவளையில சந்தோஷமா இருக்கிறாளா? மச்சானுக்கு என்ட ஸலாம் சொல்லுங்க.

நேத்துச் சோதினை. விடிய லோஞ்சியில ஸெய்னுதீன் காக்காவும் என்னோட வந்தார், கண் தெரியாட்டியும் வரத்தான் வேணுமாம். கந்தோரில மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு ஐயா. "இருட்டில பச்சையும் சிவப்பும் ஒண்டா நேர தெரிஞ்சா என்ன செய்வாய்?" எண்டு கேட்டார். "எனக்கு நேர வாறான் ஐயா, நான் வலப்பக்கம் திருப்புவன்" எண்டன். கல்லு கிடக்கிற இடமெல்லாம் கேட்டார். அவருக்குத் தெரியாத ரெண்டு கல்லையும் சொன்னன். முடிச்சுப் போடச் சொன்னார், அவர் சொல்லி முடிக்க முந்திப் போட்டன்.

கடைசியில நீந்துற பகுதி. கடுதாசியைப் பாத்தார், என்னைப் பாத்தார், சிரிச்சார். "இருபத்திரண்டு வருஷம் கடல்ல நிக்கிறாய். உன்னட்ட நீந்தத் தெரியுமா எண்டு கேட்டா எனக்கு வெக்கம்" எண்டு சொல்லிச் 'சரி' போட்டுக் கையெழுத்து வச்சிட்டார். "போ, அடுத்த ஆளை அனுப்பு."

எனக்கு முதல்ல சிரிப்பு வந்திச்சு. எட்டு மாசம் ராத்தா! நோன்பு, குளம், சேறு, பொஞ்சாதிட ஏச்சு, உங்கட கடிதம், எல்லாம் ஒரு 'சரி'யில போச்சு. கதவு வரைக்கும் போனன். பிறகு திரும்பி வந்து, "ஐயா, நீங்க பாக்கவேணும்" எண்டன். "மழை இருட்டுது, எனக்கு வேலை கிடக்கு" எண்டார். "நீங்க பாக்காட்டியும் நான் பாயத்தான் போறன்" எண்டு சொல்லிப்போட்டு ஜெட்டிக்கு நடந்தன். சாரத்தை மடிச்சுக் கட்டிப் பாய்ஞ்சன்.

முப்பது பாகத்தில ஒரு வத்தைத் தோணி கட்டிக் கிடந்திச்சு. அதைத் தொட்டன். திரும்பினன். பாதி வழியில மூச்சு வாங்கிச்சு. கால் எட்டாத ஆழம். பயம் போகல்ல ராத்தா, அது என்னோடதான் வந்திச்சு, ரெண்டு பேருமா நீந்தினம். அந்த இடத்தில எனக்கு என்ன வந்திச்சோ தெரியாது, தலையைத் தூக்கி ஒரு கத்துக் கத்தினன். ஆர்ட பேரும் இல்ல, சொல்லும் இல்ல, வெறும் சத்தம். ஜெட்டியில நிண்டவங்க எல்லாரும் திரும்பினாங்க. ஸெய்னுதீன் காக்கா கண் தெரியாம "ஆர், ஆர்" எண்டு எழும்பிட்டார்.

கந்தோர் ஐயா பேனையும் கையுமா விழுந்தடிச்சு ஓடிவந்து எட்டிப் பாத்து, "என்ன மனிசா, தாழுறியா?" எண்டு கேட்டார்.

"இல்ல ஐயா, குரல் வருதா எண்டு பாத்தன்" எண்டன்.

வந்திச்சு ராத்தா.

வஸ்ஸலாம்.
உங்கள் தம்பி அபூதாஹிர்